517 மீட்டர்தானே என்று கிளம்புவதற்கு முன்: காஸில்டனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே இருக்கும் சின்ன ஊர் காஸில்டன். ஊருக்கு மேலே பெவரில் கோட்டை, ஊரைச் சுற்றிலும் பார்வையாளர்களை அனுமதிக்கும் நான்கு குகைகள், மேற்கே மாம் டோர் குன்று. வரைபடத்தில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், அரை நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கே வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த எண்ணத்தால்தான். ஊர் சிறியது, சரி. அதைச் சுற்றியிருப்பது பூங்கா அல்ல. ஆடு மாடு மேயும் விவசாய நிலம். அதற்கும் மேலே, சில நிமிடங்களில் மேகம் இறங்கி மூடிக்கொள்ளும் வெட்டவெளி.

மாம் டோரின் உயரம் 517 மீட்டர்தான். உச்சிவரை கல் பாவிய பாதை இருக்கிறது. மேலே உள்ள கார் நிறுத்தத்திலிருந்து ஏறினால் சிறுபிள்ளைகள்கூட ஏறிவிடுவார்கள். அதனாலேயே பலர் கான்வாஸ் ஷூவும் மெல்லிய சட்டையுமாக வந்து நிற்கிறார்கள். கீழே தேநீர்க் கடை வாசலில் வெயில் காயும்போது, உச்சியில் பேச்சு காதில் விழாத அளவுக்குக் காற்று அடிக்கும். மழை பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் லேசில் காயாது. அவை உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். ஜூலை மாதமாக இருந்தாலும் நீர் புகாத மேலங்கி ஒன்று பையில் இருக்கட்டும். காலணியின் அடிப்பகுதி நன்றாகப் பிடிக்க வேண்டும். இங்கே வழுக்குவது சேறு மட்டுமல்ல, நனைந்த சுண்ணாம்புக் கல்லும் சோப்பு மாதிரி வழுக்கும்.

ஊரிலிருந்து பார்த்தபோது எளிதாகத் தெரிந்ததே என்று அப்படியே வடக்கே கிண்டர் ஸ்கவுட் வரை நீட்டிப் போவது அடுத்த தவறு. அது 636 மீட்டர். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நிலம் முற்றிலும் வேறு. மேலே பரந்த சமவெளி, காலடியில் பீட் எனப்படும் மக்கிய கருமண். தண்ணீர் அரித்த பள்ளங்கள் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஒன்றில் இறங்கி ஏறினால் எந்தத் திசையில் வந்தோம் என்பதே மறந்துபோகும். மூடுபனி வந்துவிட்டால் அடையாளம் வைத்துக்கொள்ள அங்கே மரமும் இல்லை, சுவரும் இல்லை. திசைகாட்டியும் வரைபடமும் பார்த்து நடக்கத் தெரியாதவர்கள் முதல் முறையே அங்கே தனியாகப் போக வேண்டாம்.

நேரக் கணக்குக்கு வருவோம். டிசம்பர் நடுவில் இங்கே மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவதால், போன வாரம் வெளிச்சமாக இருந்த ஐந்தரை மணி இந்த வாரம் இருட்டாகிவிடும். எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன எளிய வழி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 9 கிலோமீட்டர் நடையில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஏறத்தாழ இரண்டே கால் மணி. இது நிற்காமல் நடப்பவருக்கு. குழந்தைகளோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோ உடன் இருந்தால், சாப்பாட்டுக்கும் படம் எடுப்பதற்கும் சேர்த்து இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். செல்பேசி டார்ச் அதற்கு ஈடாகாது. பேட்டரி தீர்ந்தால் விளக்கும் போய்விடும், உதவிக்கு அழைக்கும் வழியும் போய்விடும்.

செல்பேசி வரைபடத்தை மட்டும் நம்புவது ஆபத்து. பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தில் பொதுவழிகள் பச்சைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். தாளாக வாங்கலாம், செயலியில் முன்கூட்டியே இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். களத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான வழி, நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும்கூட. மஞ்சள் வழியில் சைக்கிள் ஓட்டக் கூடாது.

மாம் டோருக்கு அடியில் ஒரு பெரிய சாலை போவதுபோலப் பழைய வரைபடங்களில் தெரியும். களிப்பாறையும் மணற்கல்லும் மாறி மாறி அடுக்கிய குன்று அது. மழை இறங்க இறங்க அதன் கிழக்குச் சரிவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1819இல் போட்ட அந்தச் சாலையைத் திரும்பத் திரும்பச் சீர்செய்து பார்த்துவிட்டு, 1979இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பிளந்து, மடிந்து, படிப்படியாகக் கீழே இறங்கிக் கிடக்கும் தாரை நடந்து போய்ப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், உச்சிக் காட்சியைவிட இதுதான் மனதில் நிற்கும். ஆனால் காரில் அந்த வழியே மேலே போக முடியாது. வின்னட்ஸ் பாஸ் என்ற செங்குத்தான, குறுகிய கணவாய் வழியாகத்தான் ஏற வேண்டும். கார் நிறுத்தம் நிரம்பிவிட்டால் அந்தக் கணவாயின் ஓரத்திலோ புல்வெளியிலோ வண்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போவது அதே வழிதான். இடம் இல்லையா, வேறு இடத்துக்குப் போங்கள், அல்லது ரயிலில் வாருங்கள்.

ரயில் உண்மையிலேயே நல்ல வழி. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ரயில்களில் பல ஈடேலிலும் ஹோப்பிலும் நிற்கும். ஈடேலில் இறங்கி ஹாலின்ஸ் கிராஸ் முகட்டைத் தாண்டி காஸில்டனுக்கு நடந்தே வரலாம். ஈடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில் இறந்தவர்களைச் சுமந்துகொண்டு காஸில்டனுக்கு வந்த வழி அது. ஆனால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை பேருந்து உண்டா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். சாப்பாடும் அப்படித்தான். பல கிராம பப்களில் மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே சமையலறை மூடியிருக்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது விவசாய நிலத்தைப் பற்றி. பொதுவழி என்பது ஒருவருடைய வயலின் நடுவே போகும் கோடு. அந்தக் கோட்டில் நடக்க உரிமை உண்டு, வயல் முழுவதும் திரிய உரிமை இல்லை. திறந்திருந்த கேட்டை அப்படியே திறந்து விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள். நல்லது செய்வதாக நினைத்துத் திறந்திருந்த கேட்டை மூடினால் மந்தைக்குத் தண்ணீருக்குப் போகும் வழி அடைபடலாம். சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களின்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். ஒரு கல் பெயர்ந்தால் பின்னாலேயே ஒரு கஜம் சுவர் சரியும்.

மாடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாம் என்ற தைரியம் இங்கே வேண்டாம். கன்றோடு நிற்கும் பசுக்கூட்டம் நாயைக் கண்டால் துரத்தும், மனிதர்கள் இறந்தும் இருக்கிறார்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள். துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். அது ஓடித் தப்பிக்கும், நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் மாடு உங்கள்மேல்தான் வரும். ஆடுகள் இருக்கும் இடத்தில் நாய் எப்போதும் கயிற்றில் இருக்க வேண்டும். நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே சினை ஆட்டுக்குக் கரு கலைந்துவிடலாம். திறந்த மேட்டு நிலங்களில் பறவைகள் தரையில் கூடு கட்டும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, 2 மீட்டருக்கு மிகாத கயிறு சட்டப்படியே கட்டாயம்.

இந்த விதிகளை மதிக்க வேண்டியதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் கிண்டர் ஸ்கவுட் வேட்டைக்காக அடைக்கப்பட்ட தனியார் நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மேன் என்ற இருபது வயது இளைஞர் முன்னால் நிற்க, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஹேஃபீல்டிலிருந்து தடையை மீறி ஏறினார்கள். அவர் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல், காஸில்டனும் கிண்டர் ஸ்கவுட்டும் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. திறந்த நிலங்களில் சுற்றித் திரியும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமையில், கூடாரம் அடித்துத் தங்குவது அடங்காது. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தைத் தவிர மற்ற இடங்களில் அதற்கு நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

தீ மூட்டவே கூடாது. அலுமினியத் தட்டில் வரும் பார்பிக்யூவும் தீதான். பீட் மண் காய்ந்தால் எரிபொருள். நெருப்பு மண்ணுக்குள் இறங்கி நாள் கணக்கில் புகையும். 2018 கோடையில் சேடில்வர்த் மேட்டுநிலத்தில் பிடித்த தீயை அணைக்க ராணுவத்தையே கூப்பிட வேண்டியதாயிற்று. அதேபோல், வெயில் நாளில் லேடிபவர் நீர்த்தேக்கத்தைப் பார்த்துக் குதித்துவிடாதீர்கள். நீந்த அங்கே அனுமதியில்லை. மேல்தண்ணீர் இதமாக இருந்தாலும் அடியில் இருக்கும் குளிர் மூச்சையே பிடித்து நிறுத்திவிடும்.

குகைகளில் தவறு குறைவு. கோடையிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். ஸ்பீட்வெல், புளூ ஜான் என்ற இரண்டு குகைகளிலும் படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊதாவும் மஞ்சளும் வரி ஓடும் புளூ ஜான் கல்லைக் கடையில் வாங்குங்கள், பாறையைத் தட்டிப் பெயர்க்காதீர்கள். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பூமி இது. வயல்களில் வேலி போட்டோ மூடியோ வைத்திருக்கும் பழைய சுரங்கக் குழிகளின் பக்கம் பிள்ளைகளை விடக் கூடாது.

கடைசியாக, கால் பிசகினாலோ வழி தவறினாலோ உதவி கேட்கத் தயங்குவது பெரிய தவறு. 999 அழைத்து முதலில் போலீஸ் என்று கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்லுங்கள். அவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்குவதில்லை. நேரடியாக ஆம்புலன்ஸ் கேட்டால் அது சாலைவரைதான் வரும். பேசும் அளவுக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்பதிவு தேவை: வீட்டில் இருக்கும்போதே ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் 999க்கு அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி செய்துவிடுங்கள். எதுவுமே வேலை செய்யாவிட்டால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள்.