ஒரிஜினலைக் கொடுத்துட்டு வராதே!

போன ஆடிப்பெருக்கு அன்றைக்கு நீடாமங்கலம் பக்கம் கோரையாற்றுப் படித்துறையில் நின்றுகொண்டிருந்தேன். மனைவி காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து போன். எங்கள் ஊர்ப் பையன், பி.இ. முடித்துவிட்டு ஒரு வருஷமாக அலைந்தவன். "அண்ணே, வேலை கிடைச்சிருச்சுண்ணே. ஜாயின் பண்ணிட்டேன்."

சந்தோஷம்தான். ஆனால் நான் சம்பளத்தைக் கேட்கவில்லை. "சர்ட்டிபிகேட்டெல்லாம் எங்கடா?" என்றேன்.

"ஆபீஸ்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்கண்ணே. சேப்டிக்குன்னு சொன்னாங்க."

2009-இல், ஒரு ரூபாய் காயின் பூத்திலிருந்து அப்பாவுக்கு நானும் இதையேதான் சொன்னேன். அந்த 'சேப்டி' உட்பட.

பத்து வருஷமாக, ஊருக்கு வருகிற போதெல்லாம் மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துப் பிள்ளைகளோடு படிப்பு, வேலை பற்றிப் பேச உட்காருகிறேன். அப்பா டிராக்டர் ஓட்டுவார், அம்மா நடவுக்குப் போவாள், வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவர்கள்தான். நேரத்துக்குப் போ, ஷூவைத் துடை, ரெஸ்யூமில் எழுத்துப்பிழை இல்லாமல் பார் என்பதையெல்லாம் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது நானே செய்து, நட்டப்பட்டு, இப்போது இவர்களும் அச்சு மாறாமல் செய்கிற தவறுகளை.

சர்ட்டிபிகேட்டை அடகு வைப்பது

நான் சிவில் முடித்தது 2008. உலகமே வேலையை விட்டு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஒன்பது மாசம் கழித்துச் சென்னைப் புறநகரில் ஒரு சின்ன கம்பெனி கூப்பிட்டது. பெயர் வேண்டாம். சம்பளம் 7,500. இரண்டு வருஷம் பாண்டு, நடுவில் விட்டால் 60,000 ரூபாய். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் மொத்தமும் அவர்களிடம் இருக்கும். ஜாமீனுக்கு அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து அவருடையது. முத்திரைத்தாளில் ஒவ்வொரு எழுத்தாக அவர் இறக்கி வைக்கும்வரை அந்த ஹெச்.ஆர். பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாளில் என்ன இருக்கிறது என்று அப்பா கேட்கவில்லை. படித்தவன் நானும் படித்துச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஆளுக்கொரு டீ குடித்தோம். "ஆபீஸ் நல்லா இருக்குடா, ஏசியெல்லாம் போட்டிருக்கான்" என்றார்.

ஏழு மாசம் கழித்து, எப்போதோ எழுதியிருந்த ஒரு பொதுத்துறைத் தேர்வில் என் நம்பர் வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்பு திருச்சியில், ஒரு புதன்கிழமை. திங்கட்கிழமை காலையில் போய், "இரண்டு நாள் மட்டும் கொடுங்கள், திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்" என்று கெஞ்சினேன். 60,000 கட்டிவிட்டு ரிலீவ் ஆகி எடுத்துக்கொள் என்றார்கள். அப்பா அன்று சாயந்தரமே எங்களுடைய இரண்டு மா நிலத்தை ஒத்திக்குக் கேட்க ஆள் தேடிப் போனார். பணம் புரண்டது வெள்ளிக்கிழமை. புதன்கிழமை நான் திருச்சியில், கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்கிய ஜெராக்ஸ் கட்டோடு வரிசையில் நின்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர், திட்டக்கூட இல்லை. "ஒரிஜினல் எங்கே தம்பி?" என்றார். அவ்வளவுதான். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

பாண்டு முடிந்து கவரைத் திருப்பி வாங்கியபோது பன்னிரண்டாம் வகுப்பு மார்க்ஷீட்டில், கணக்கு மார்க்குக்கு மேலே, டீ கிளாஸ் வைத்த வட்டம் ஒன்று பழுப்பாக உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் எங்காவது அதை எடுத்து நீட்டும்போது கை கூசுகிறது. சேப்டியாம்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "பத்திரம் வீட்டை விட்டுப் போச்சுன்னா அதுக்குப் பேரு அடமானம்டா. இது தெரியலியா உனக்கு?" சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கப் போனால் சிட்டா அடங்கல் நகலோடு நிற்பாரே தவிர, மூலப்பத்திரத்தைத் தகரப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்காதவர் அவர். நிலத்தில் அவ்வளவு உஷாரான மனுஷர், ஏசி அறையில் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் நான். 'பிள்ளை படித்திருக்கிறான், அவனுக்குத் தெரியும்' என்று நம்பினார். எனக்கோ அந்த அறையில் எதிர்க்கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். முதல் பட்டதாரி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வீட்டில் ஒரு ஆளாவது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் பார்த்திருந்தால், 'இது என்ன புது வழக்கம்' என்று கேட்டிருப்பார்.

சரி, என்ன செய்வது? கம்பெனி ஒரிஜினலைப் பார்க்கலாம். தப்பில்லை. உன் கண்ணெதிரில் பார்க்கட்டும், நகலோடு ஒப்பிடட்டும், அதே மேஜையில் திருப்பி வாங்கிக்கொள். நீயே கையெழுத்திட்ட நகல்களைக் கொடு. பத்து, பன்னிரண்டு மார்க்ஷீட்டுகள் இப்போது அரசின் டிஜிலாக்கர் செயலியிலேயே கிடைக்கின்றன, அதைக் காட்டு. அதற்கும் ஒத்துவராமல் 'வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்' என்றால், "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன்" என்று எழுந்து வந்துவிடு. வந்தபின் யாரிடமாவது கேள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு: எந்தெந்தச் சான்றிதழ், என்ன எண், என்றைக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, திருப்பிக் கேட்டு ஒரு ஈமெயில் போடு. போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. தரவில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அடித்தும் கேட்கலாம். ஒரிஜினலைப் பிடித்து வைத்திருப்பது கல்லூரி என்றால் விஷயம் இன்னும் சுலபம். கல்லூரிகள் அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. பீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லி டி.சி.யை இழுத்தடிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பார், குரல் இறங்கும்.

இன்னொரு பக்கம், 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகப் போடு' என்று ஒரு அண்ணன் ஹாஸ்டலில் சொல்லியிருப்பார். அவரை நம்பாதே. 2025 மே மாதம், ஒரு பொதுத்துறை வங்கியில் மூன்று வருஷம் வேலை செய்யாமல் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எல்லா பாண்டும் அப்படியே நிற்கும் என்று அர்த்தமில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. ஆனால் கையெழுத்துப் போட்டால் பொறுப்பு வரும். படித்துவிட்டுப் போடு. பாண்டு வேறு, ஒரிஜினலைப் பிடித்து வைப்பது வேறு. இந்த இரண்டையும் ஒரே தாளில் கலந்து நீட்டுவார்கள், நீதான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வரி கூடுதலாக. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பாஸ்போர்ட்டையும் சர்ட்டிபிகேட்டையும் 'விசா வரும்வரை இருக்கட்டும்' என்பார். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அவர் பீரோவில் இருக்க வேண்டியதில்லை. அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார். பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சத்தில் பேசினால் அங்கேயே செருப்பை மாட்டிக்கொள்.

லேமினேஷன்

செய்யாதே. பின்னால் அட்டெஸ்டேஷனுக்குச் சீல் குத்த வேண்டி வந்தால் அந்தத் தாள் உதவாது. கஜா புயலில் ஓடு பறந்து பெட்டியோடு நனைந்த வீடுகளைப் பார்த்தவர்கள் பயந்துபோய்ச் செய்கிறார்கள், புரிகிறது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் போதும்.

முதல் பட்டதாரி சான்றிதழைத் தள்ளிப்போடுவது

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவருக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் சான்றிதழ் இது. 2010-11 கல்வியாண்டில் வந்தது. நான் படித்து முடித்து இரண்டு வருஷம் கழித்து! அந்த எரிச்சல் தனி. இப்போது இருந்தும் வாங்காதவர்களைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம். இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புக்குக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கல்விக் கட்டணத்தில் சலுகை, தனியார் கல்லூரியில் வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே வீட்டுக்கு வந்து, 'இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, சீட் போயிடும்' என்கிற புரோக்கரிடம் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது போச்சு. போன வருஷம் 168 கட்-ஆப் வைத்திருந்த ஒரு பெண்ணை அப்படித்தான் சேர்த்துவிட்டார்கள். கலந்தாய்விலேயே நல்ல கல்லூரி கிடைத்திருக்கும்.

கல்விக்கடன் வட்டி

படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்றால் வட்டி ஓடாது என்று அர்த்தமில்லை. ஓடுகிறது. முடிந்தால் வட்டியை மட்டுமாவது மாசாமாசம் கட்டு.

அரியர்

வீட்டில் மறைத்துக்கொள். இன்டர்வியூவில் மறைக்காதே. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜனே கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர்தான்.

முதல் சம்பளத்திலேயே ஊரைத் தூக்கி நிறுத்துவது

இதைச் சொன்னால் பெரியம்மாக்கள் என்னை அடிக்க வருவார்கள். வேலை கிடைத்த ஆறாவது மாசம் மாடி வீட்டுக்கு அஸ்திவாரம், தங்கச்சிக்கு இருபது பவுன், குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு, எல்லாவற்றுக்கும் பெர்சனல் லோன். அப்புறம் நல்ல வேலை ஒன்று வந்தாலும் தாவ முடியாது, தவணை காலைக் கட்டிவிடும். வீட்டுக்கு அனுப்பு. மாசம் இவ்வளவு என்று முதலிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டு அனுப்பு. சம்பளம் எவ்வளவு என்று ஊருக்குச் சொல்லாதே. ஒரு வருஷத்துக்கு வீடு ஓட்டு வீடாகவே இருக்கட்டும்.

திரும்பி வந்து வழிகாட்டுகிறவர்கள்

இதில் நானும் குற்றவாளி. முதல் முறை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டபோது ஒரு மணி நேரம் என் கதையைச் சொன்னேன். சைக்கிள், லாந்தர், கிழிந்த சட்டை. லாந்தர் பொய், எங்கள் வீட்டில் கரன்ட் இருந்தது. கேள்வி இருக்கிறதா என்றதும் பிளஸ் டூ பெண் ஒருத்தி எழுந்து, "சார், ஹாஸ்டல்ல மாசம் மெஸ் பில் எவ்வளவு வரும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவள் அப்பாவை சம்மதிக்க வைக்க அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு எண்தான். என் போராட்டம் அல்ல. இப்போதெல்லாம் மெஸ் பில், பஸ் பாஸ், புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் வரும் 1,000 ரூபாய் எந்தக் கணக்கில் ஏறும் என்பதையெல்லாம் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போகிறேன்.

முதல் மார்க் எடுத்த பிள்ளையை மட்டும் பிடித்துக்கொள்வதும் தவறு. அவனுக்கு டீச்சரே பத்துப் பேர் இருப்பார்கள். நடு பெஞ்சுப் பிள்ளைக்குத்தான் நம் போன் நம்பர் தேவை. நம்பர் கொடுத்தால் எடுக்க வேண்டும், கூலி ஆள் வராத நடவு நாளாக இருந்தாலும். அன்றைக்குப் படித்துறையில் எடுத்ததுபோல.

அந்தப் பையன் நான் சொன்னபடி பட்டியல் போட்டு ஈமெயில் அனுப்பினான். பயந்துகொண்டேதான் அனுப்பினான். நான்கு நாள் பதிலில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டுக் கவரைக் கையில் கொடுத்துவிட்டார்கள், வேலையும் போகவில்லை. சனிக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ்ஸில் ஏறி ஊருக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அம்மா பாயில் விரித்து எண்ணியது. பத்து, பன்னிரண்டு, டி.சி., எட்டு செமஸ்டர், கன்சாலிடேட்டட், டிகிரி. மறுபடி எண்ணியது. ஐந்தாவது செமஸ்டர் இல்லை.

"கவர்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும், பாருடா" என்றது. கவரைக் கிழித்தே பார்த்தோம். இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஹெச்.ஆருக்கு அடுத்த ஈமெயில். இந்த முறை எனக்கு ஒரு நகல் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.