மூன்று துண்டுக் கம்பளியில் ஒரு வைக்கிங் குல்லா

இங்கிலாந்தின் யார்க் நகரை ஒரு காலத்தில் வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் ஆண்டார்கள். அங்கே 1985 முதல் பிப்ரவரி தோறும் யோர்விக் வைக்கிங் விழா நடக்கிறது. அந்த மாதத்தில் அங்கே பகலிலேயே ஏழு டிகிரி வந்தால் பெரிது. ஊஸ் ஆற்றுக் காற்று வேறு. முதல் தடவை நான் ஃபிளீஸ் என்ற பாலியஸ்டர் துணியில் தைத்த, தலையோடு தோளையும் மூடும் குல்லாவோடு போனேன். கணப்புப் பக்கம் நின்றபோது ஒரு தீப்பொறி தோளில் வந்து உட்கார்ந்தது. தட்டிவிடுவதற்குள் மிளகளவு ஓட்டை. ஓரமெல்லாம் உருகிக் கெட்டியான பிளாஸ்டிக். அன்றோடு ஃபிளீஸுக்கு ஒரு கும்பிடு.

இப்போது நான் தைப்பது ஷோல்டெஹாம்ன் குல்லா. 1936-இல் வட நார்வேயின் ஆண்டோயா தீவில், சதுப்பு நிலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த உடைகளில் இதுவும் ஒன்று. காலம் 11-ஆம் நூற்றாண்டு. யார்க்கின் வைக்கிங் அரசு 954-இலேயே முடிந்துவிட்டது என்று காலக்கணக்குக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒரு நீளத் துண்டு, இரண்டு சதுரம், அவ்வளவுதான் வெட்டு. வளைவே கிடையாது. முதன்முதலாக ஊசி பிடிப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

துணி

நூறு சதவீதக் கம்பளி, கோட்டு தைக்கிற கனத்தில், ஒன்றரை மீட்டர் அகலமென்றால் ஒரு மீட்டர் போதும். கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு இழை உருவி, தொட்டிக்கு மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, தீ தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருண்டு கெட்டியான மணி நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

வெட்டுவதற்கு முன்பே 40 டிகிரி வெந்நீரில் ஒரு தடவை துவைத்துவிடுங்கள். துணி சுருங்கும்; சுருங்கத்தான் வேண்டும். இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகும், காற்று புகாது, வெட்டிய ஓரமும் பிரியாது. கொடியில் தொங்கவிடாமல் தரையில் பரப்பிக் காயவையுங்கள்.

அளவும் வெட்டும்

தலைச் சுற்றளவை எடுங்கள். அதில் பாதி, அதோடு 3 செ.மீ. தளர்வு, இன்னும் 3 செ.மீ. தையலுக்கு. எனக்கு 58, ஆக 29 + 3 + 3 = 35. இதைக் குறைத்தால் கழுத்துப் பகுதி வழியாகத் தலை நுழையாது.

35 × 120 செ.மீ.யில் ஒரு துண்டு, 30 × 30-இல் இரண்டு சதுரம். சாய்வாக இல்லாமல், துணியின் இழை ஓடும் திசையிலேயே நேராக வெட்டுங்கள்.

தையல்

நூலாக லினன் நூல் எடுத்து, தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். முறுக்கிக்கொள்ளாது, உராய்விலும் சீக்கிரம் அறாது. தையல் பிடி, அதாவது தையலுக்கும் துணி ஓரத்துக்கும் நடுவே விடும் இடம், எல்லா இடத்திலும் 1.5 செ.மீ.

நீளத் துண்டைக் குறுக்கே இரண்டாக மடியுங்கள். மடிப்புதான் உச்சந்தலை. ஒரு பக்க ஓரம் பின்மண்டை: மடிப்பிலிருந்து 31.5 செ.மீ. வரை பின்னடித் தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி முன்னே எடுப்பது) போட்டு முடிச்சிடுங்கள். எதிர்ப்பக்கம் முகம்: மேலே 27 செ.மீ. திறந்து விட்டு, அங்கிருந்து 31.5 வரை மட்டும் தைத்தால் தாடைக்குக் கீழே மூடிக்கொள்ளும். மீதிப் பிளவுகளில்தான் சதுரங்கள் ஏறும், ஒரு மூலை மேலே பார்த்தபடி.

கை தடுமாறுவது இந்த மூலையில்தான். நான் முதலில் கீழிருந்து மேலே தைத்துக்கொண்டு போனேன். முனைக்கு வந்தபோது அரை விரல் துணி மிச்சம். பிதுங்கி, சுருங்கி, தொண்டைக்கு நேரே ஒரு குமிழ். பிரித்துத்தான் தைத்தேன். முனையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். சதுரத்தின் மூலையில் இரண்டு ஓரத்திலிருந்தும் 1.5 செ.மீ. உள்ளே சாக்கட்டியால் புள்ளி வையுங்கள். ஏற்கெனவே தைத்த தையல் முடிந்த இடத்தில் அந்தப் புள்ளியைக் குண்டூசியால் குத்தி, அங்கிருந்து ஒரு பக்கம் கீழ்வரை தையுங்கள். நூலை வெட்டி, மறுபடி புள்ளிக்கு வந்து அடுத்த பக்கம். புள்ளியைத் தாண்டி ஒரு தையல்கூட மேலே ஏறக்கூடாது. முனையில் நாலைந்து தையல் இரட்டையாக இருக்கட்டும். கழற்றி மாட்டும்போது இழுபடுவது அந்த இடம்தான்.

பிறகு உள்ளே நிற்கும் பிடித்துணியை இரு பக்கமும் விரித்து மடக்கி, வெளியே தெரியாதபடி தைத்து அமர்த்துங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் குல்லா பல வருஷம் உழைப்பது இதனால்தான். உள்தையலுக்கு மெஷின் பிடித்தாலும் குற்றமில்லை. வெளியே தெரியும் ஓரம் மட்டும் கைத்தையலாக இருந்தால் போதும்.

கீழ் ஓரத்தை அன்றைக்கே மடித்துவிடாதீர்கள். சதுரம் மூலைவாக்கில் தொங்குவதால் நடுவில் துணி கொஞ்சம் இழுத்துக்கொண்டு இறங்கும். ஒரு ராத்திரி தொங்கவிட்டு, மறுநாள் சமன் செய்து, ஒரே மடிப்பாக மடித்துத் தையுங்கள்.

மிச்சத் துணியை எறியாமல் எடுத்து வையுங்கள். கம்பளியிலும் பொறி விழும். உருகாது, கருகிப் பொடிந்து ஒரு வடு விடும். ஒட்டுப் போட அதே நிறத்தில் துணி தேடிக் கடை கடையாக அலைய முடியாது.