ஸ்டாண்ட்-அப் மேடையில் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பன் மைக்கில், அதாவது பெயர் கொடுத்தவர்கள் தனியாக நின்று ஜோக் சொல்லிப் பார்க்கும் மேடையில், புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐந்தே நிமிடம். அதிலும் முதல் அரை நிமிடத்தை, "ரொம்பப் பதற்றமா இருக்கு, சிரிப்பு வரலைன்னா மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லியே பலர் கரைத்துவிடுகிறார்கள். இதை முதலில் விடுங்கள். வந்திருப்பவர்கள் சிரிக்கத்தான் வந்திருக்கிறார்கள். நீங்கள் பயத்தைக் காட்டினால் உங்களுக்காகக் கவலைப்படத் தொடங்குவார்கள். கவலைப்படுகிறவருக்குச் சிரிப்பு வராது. "பொம்பளைங்களுக்குக் காமெடி வராதுன்னு சொல்வாங்க" என்று ஆரம்பிப்பதும் இதே தவறுதான். யாரும் தொடுக்காத வழக்குக்கு நீங்களே ஏன் வாதாட வேண்டும்?

தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1955-ல், 37 வயதில், சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறிய அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பிலிஸ் டில்லர் தன் தோற்றத்தைக் கேலி செய்தே புகழ்பெற்றார். ஆனால் அவருக்கு நல்ல உடல்வாகு. அது தெரியாமலிருக்கத்தான் தொளதொளவென்ற உடை. அவர் கேலி செய்தது தானே உருவாக்கிய ஒரு பாத்திரத்தை. அட்டைகளில் எழுதி வைத்த ஜோக்குகள் மட்டும் 50,000-க்கு மேல். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அவற்றைப் பாதுகாக்கிறது. அத்தனை உழைப்பு அது! நாமோ ஆறாத காயத்தை அப்படியே மேடையில் திறந்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுகிறோம். எழுதும்போதே பாருங்கள்: அடி உங்கள் உடம்பின் மேல் விழுகிறதா, அதை அளந்து பார்க்கிறவர்கள் மேலா? இரண்டாவதாக இருந்தால் ஜோக் எடுபடும்.

"பொம்பளை விஷயம்" என்று முகம் சுளிப்பார்களோ என அஞ்சி மாதவிடாய், பிரசவம் பற்றியெல்லாம் பேசாமல் ஒதுங்குவதும் வேண்டாம். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் அலி வோங் ஏழு மாத வயிற்றோடு நின்று பேசிய நிகழ்ச்சி 2016-ல் வெளிவந்தது. அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியதே அதுதான்.

சின்ன விஷயம் ஒன்று. மைக் ஸ்டாண்ட் முந்தைய ஆளின் உயரத்தில் இருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் மைக்கைக் கையில் எடுத்து, ஸ்டாண்டைப் பின்னால் தள்ளி வையுங்கள். யாராவது குறுக்கே கத்தினால் உடனே பாயாதீர்கள். அவர் சொன்னதை நிதானமாக ஒருமுறை திருப்பிச் சொன்னாலே கூட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொரு தவறு: அன்று மேடையேறுவோர் பட்டியலில் இருக்கும் இன்னொரு பெண்ணைப் போட்டியாகப் பார்ப்பது. பெண்ணுக்கு ஒரே ஒரு இடம் என்று முடிவுசெய்தவர் அமைப்பாளர், அவள் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸின் காமெடி ஸ்டோர் கிளப்பில் அதன் உரிமையாளர் மிட்ஸி ஷோர் 1978-ல் பெண்களுக்கென்றே ஒரு சிறு அறையைத் திறந்தார். அங்கே அப்போது ஒருத்தி இறங்கினால் அடுத்து ஏறியதும் ஒரு பெண்தான். அடுத்த முறை அமைப்பாளரிடம் பேசும்போது அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிய நள்ளிரவாகும். இருவரும் சேர்ந்தே கிளம்புங்கள்.