பெயர் தெரியாத வலியும் பெயர் தெரியாத மாத்திரையும்

போன மாதம் திருச்சியில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே மூன்று மாத்திரைகள்: மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, சின்னதாக வெள்ளை ஒன்று. அட்டையிலிருந்து உரித்து மடித்துக் கொடுத்தவை, எதற்கும் பேர் கிடையாது. "இதைப் போட்டா ரெண்டு நாளைக்கு நல்லா இருக்குக்கா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் என் பையில் கிடந்ததும் இதே பொட்டலம்தான்.

நான் டாக்டர் இல்லை. மணப்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இருப்பது முடக்கு வாதம். என் பாட்டி இதைச் சரவாங்கி என்பாள். அந்தப் பேரைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒன்றேகால் வருஷம் ஆனது. எடையைக் குறை, குளிரில் போகாதே மாதிரி எல்லோரும் சொல்வதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாததால் நான் பட்டவை மட்டும் இங்கே.

"உடம்பெல்லாம் வலி" என்று சொல்வது

அப்படிச் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. எந்த மூட்டு, எந்த நேரம், எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம். எனக்கு முதலில் தெரிந்தது ஊக்கு வைக்கும்போது. காலையில் ஊசி விரலில் நிற்காது. பதினொரு மணிக்கு மேல் எதுவும் நடக்காதது போல ஓடும். ராத்திரி ஃபேன் காற்று என்று நினைத்துக்கொண்டேன். தேய்மானத்தால் வரும் மூட்டுப் பிடிப்பு காலையில் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். எங்களுடையது தலைகீழ். காலைப் பிடிப்பு ஒரு மணி, இரண்டு மணி நிற்கும், அசைய அசையத் தேவலாம் ஆகும். முடக்கு வாதம் விரல் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு ஆகியவற்றை இரண்டு கையிலும் சேர்த்தே பிடிக்கும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவை வழக்கமாக விட்டுவிடும்.

அப்புறம், சம்பந்தமில்லை என்று நாம் சொல்லாமல் விடுபவை: நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள், தலையில் செதில் செதிலாகச் சொரியாசிஸ், வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு, வாய்ப்புண், விடியற்காலையில் எழுப்பிவிட்டு நடந்தால் குறையும் இடுப்பு வலி. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வாத நோய்க்கு வழி காட்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

"மூட்டுவலிக்கு ஒரு செட் கொடுங்க"

இதைப் பற்றி மட்டும் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது. இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம். கடையில் ஜாக்கெட் துணி மலையாகக் கிடந்தது. மருந்துக்கடையில் ஒரு செட் வாங்கிப் போட்டேன். மறுநாள் காலை விரல்கள் கத்தரியின் வளையத்துக்குள் தானாகப் போய் உட்கார்ந்தன. அன்றைக்கு ஏழு ஜாக்கெட் முடித்தேன். கடைக்காரர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்று தெரிந்தபோது நான்கு மாதம் ஓடிவிட்டிருந்தது.

வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும். ஸ்டீராய்டு உள்ளே எரிகிற அழற்சியையே அமுக்கிவிடும். அதனால்தான் அந்த மாயம். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் முடக்கு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் அவரோடு இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. பக்க விளைவுகள் வரிசையாகத் தெரியவந்த பிறகுதான் உலகம் இறங்கி வந்தது. உலகமே மயங்கியது என்றால் மணப்பாறைத் தையற்காரி மயங்கியதில் என்ன ஆச்சரியம்?

பக்க விளைவுகூட அப்புறம்தான். முதல் நஷ்டம் வேறு. நான்காம் மாதம் ஒருவழியாகத் திருச்சிக்குப் போனேன், காலையில் ஒரு செட் போட்டுக்கொண்டு. டாக்டர் ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் கிட்டத்தட்ட நார்மல். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்று வைட்டமின் எழுதிக் கொடுத்தார். பொட்டலத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. திட்டுவார் என்று நானும் சொல்லவில்லை.

ஒரு ஜாக்கெட் எங்கே பிடிக்கிறது என்று நான் பார்க்க வேண்டுமானால் அதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டும். இஸ்திரி போட்டு மடித்துக் கையில் கொடுத்தால் எனக்கு என்ன தெரியும்? நான் டாக்டரிடம் கொண்டுபோனது இஸ்திரி போட்ட கையை. அன்றைக்குச் சந்தோஷமாக முறுக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். நினைத்தால் இப்போதும் என்மேலேயே கோபம் வருகிறது.

அப்புறம் கன்னம் உப்பியது. "சதை போட்டு அழகாயிட்டியே" என்றார்கள். சர்க்கரை 200ஐத் தாண்டியது. பயந்துபோய் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அது அடுத்த முட்டாள்தனம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் தாங்காது. நான்கு நாள் வாந்தியும் தலைசுற்றலுமாகப் படுத்துக் கிடந்தேன். வீக்கம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மெட்டியைக் கழற்றச் சோப்பு போட வேண்டியிருந்தது.

வேறொரு டாக்டரிடம் நோய்க்குப் பேர் கிடைத்தபோது, வலது மணிக்கட்டு எலும்பின் ஓரம் அரித்திருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. நோய் தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தால்தான் இந்த அரிப்பைத் தடுக்க நல்ல வாய்ப்பு என்று அவர்தான் சொன்னார். அந்த மாதங்களை நான் பொட்டலம் பொட்டலமாக விழுங்கியிருந்தேன். அரித்த எலும்பு திரும்பி வரவில்லை. பெரிய கத்தரியை இன்றைக்கும் இரண்டு கையாலும் பிடித்துத்தான் வெட்டுகிறேன்.

ஸ்டீராய்டு விஷம் என்று சொல்ல வரவில்லை. பேர் தெரிந்த பிறகு அதே டாக்டர் எனக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்: குறைந்த அளவில், மெதுவாக வேலை செய்யும் மருந்து பிடிக்கிறவரை, பிறகு படிப்படியாகக் குறைத்து. அதற்குப் பேர் இருந்தது, அளவு இருந்தது, முடியும் தேதி இருந்தது.

பொடியாகவும் உருண்டையாகவும் விற்கும், "பக்க விளைவே இல்லாத" லேபிள் இல்லாத மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கைதான். அப்படிச் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரே ராத்திரியில் கை மடங்குகிறது என்றால் சந்தேகப்படுங்கள். முடக்கத்தான் தோசை நானும் சாப்பிடுகிறேன். ருசியாக இருக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே பொட்டலம் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? நீங்களாக நிறுத்தாதீர்கள். பொட்டலத்தோடு போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். எத்தனை மாதம், தினம் எத்தனை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று நிம்மதியாவது

முடக்கு வாதத்துக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இது. எனக்கு இன்றுவரை நெகட்டிவ்தான். முடக்கு வாதம் உள்ள நூறு பேரில் இருபது முப்பது பேருக்கு இப்படி வரும். மறுபக்கம், வயதானவர்களுக்கும் ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும் இந்த நோய் இல்லாமலே பாசிட்டிவ் வரலாம். இதே நோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை ஆன்ட்டி சி.சி.பி. இன்னும் துல்லியம், ஆனாலும் அது நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று ஆகாது. எத்தனை மூட்டு, ஆறு வாரம் தாண்டியதா, ரத்தத்தில் என்ன என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

ஏ.எஸ்.ஓ. கூடியிருக்கிறது என்று ஊசி போடுவது

இதுவும் ஒரு ரத்தப் பரிசோதனை. ஒரு வகைக் கிருமித் தொற்று, பெரும்பாலும் தொண்டையில், சமீபத்தில் வந்துபோனது என்பதற்கு மேல் அந்த எண் மட்டும் எதுவும் சொல்லாது. எனக்கு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஏழு பென்சிலின் ஊசி போட்டார்கள். முடக்கு வாதத்துக்கும் பென்சிலினுக்கும் சம்பந்தமே இல்லை. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பாதித்தவர்கள் கதை வேறு. அவர்கள் ஊசியைத் தவறவிடவே கூடாது.

யூரிக் ஆசிட் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பருப்பை நிறுத்துவது

கூடுதலாக இருப்பவர்களில் நிறையப் பேருக்கு, யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் கௌட் என்ற வாதம் வருவதே இல்லை.

எக்ஸ்ரே நார்மல்

ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் சிக்குன்குனியா கணக்கில் எழுதுவது

2006இல் ஊர் ஊராக வந்ததிலிருந்து நம்மிடம் இந்தப் பழக்கம். அந்தக் காய்ச்சலுக்குப் பின் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும் என்பது உண்மைதான், பார்வைக்கும் முடக்கு வாதம் போலவே இருக்கும். ஆனால் காய்ச்சல் வந்ததா என்றே ஞாபகமில்லாமல் "அதுவாத்தான் இருக்கும்" என்று வருஷத்தை ஓட்டாதீர்கள். வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால் காட்டிவிடுங்கள்.

எலும்பு டாக்டரிடமே சுற்றுவது

உடைந்தால் அவர். வீங்கினால் ருமட்டாலஜிஸ்ட், அதாவது வாத நோய் டாக்டர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது.

மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போடுவது

முடக்கு வாதத்துக்குக் கொடுக்கும், மெதுவாக வேலை செய்யும் மருந்துகளில் ஒன்று இது. வாரம் ஒரு நாள். ஒரே நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையில் பேனாவால் எழுதிவையுங்கள்.

வீக்கம் இல்லாத நாளில் வெறுங்கையோடு போவது

நமக்கு டாக்டரைப் பார்க்கும் தேதி கிடைக்கிற அன்றைக்குத்தான் வீக்கம் லீவு எடுக்கும். அதனால் வீங்கும்போதே இரண்டு கையையும் மேஜையில் விரித்துவைத்து, நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். என்ன தேதி என்று போனே சொல்லும்.

அந்தப் பெண்ணும் இதைத்தான் சொல்லிப் புலம்பினாள். "இன்னைக்குப் பாத்து ஒண்ணுமே இல்லக்கா, வந்தது வீணா?" படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கைக்கென்று எடுத்தது இல்லை, தங்கை கல்யாணத்தில் மருதாணியைக் காட்டி எடுத்தது இருந்தது. விரலால் பெரிதாக்கினோம். பூ டிசைனுக்கு நடுவே ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கணு இரண்டும் நெல்லிக்காய் போலப் புடைத்திருந்தன. மோதிரம் பாதியிலேயே நின்றிருந்தது. அவள் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். பொட்டலத்தைப் பைக்குள் போடப் போனவளிடம், "அதையும் கையிலேயே எடுத்துட்டுப் போம்மா" என்றேன்.