டொராய்டு கோர் தேர்வு: நிறத்தைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதில் கிடப்பவை டொராய்டு கோர்கள், அதாவது மேலே கம்பி சுற்றி ரேடியோ சுருள் செய்வதற்கான காந்தப்பொருள் வளையங்கள். ஒவ்வொரு கோரிலும் ஒரு சின்னக் காகிதத் துண்டை நூலில் கட்டி வைத்திருப்பேன். "டி50-2, 10 சுற்று, 0.49" என்பது மாதிரி எழுதியிருக்கும். இந்தப் பழக்கம் ஒரு மஞ்சள் வளையத்தால் வந்தது.

7 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் தரும் சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வரும் லோ-பாஸ் ஃபில்டருக்கு (வேண்டாத உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் பகுதி) டி50-6 போடச் சொல்லியிருந்தது வரைபடம். அது மஞ்சள் நிறம் என்று படித்திருந்தேன். கழற்றிப் போட்ட பவர் சப்ளை போர்டில் அதே அளவில் மஞ்சள் கோர்கள் இருந்தன. எடுத்து, சொன்னபடி சுற்றி, சால்டர் வைத்துவிட்டேன். கால் வாட்கூட வெளியே வரவில்லை. ஃபைனல் டிரான்சிஸ்டர் மட்டும் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. இரண்டு நாள் சாயங்காலம் முழுக்க கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் கோரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை! அது 6 இல்லை, 26.

அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் கோர் தேர்வில் பாதி வேலை முடிந்தது. டி50-6 என்பதில் "டி" இரும்புத்தூள் டொராய்டைக் குறிக்கும். 50 என்பது வெளிவிட்டம், அங்குலத்தில் நூறில் ஒரு பங்காக. அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். கடைசி எண்தான் மிக்ஸ், அதாவது கோர் எந்தக் கலவையால் ஆனது என்பது. மிக்ஸ் 2 சிவப்பு. மிக்ஸ் 6 மஞ்சள். இரண்டிலும் ஒரு முகம் வண்ணம் பூசாமல் சாம்பலாக இருக்கும். மிக்ஸ் 26 மஞ்சளும் வெள்ளையும். இதன் பெர்மியபிலிட்டி, அதாவது காந்தப்புலத்தை எவ்வளவு எளிதாக உள்ளே விடும் என்ற அளவு, 75. மிக்ஸ் 6-இன் பெர்மியபிலிட்டி 8.5 மட்டுமே. 26 பவர் சப்ளை சோக்குகளுக்காக (வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்கள்) செய்யப்பட்டது. ஷார்ட்வேவ் அலைவரிசையில் சுற்றின் இண்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு) எங்கோ போய்விடும், இழப்பும் அதிகம்.

ஒவ்வொரு கோருக்கும் ஏஎல் என்று ஒரு மதிப்பு உண்டு. சுற்றுகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, ஏஎல்-ஆல் மறுபடி பெருக்கினால் இண்டக்டன்ஸ் நானோஹென்றியில் கிடைக்கும். டி50-2-க்கு ஏஎல் 4.9, டி50-6-க்கு 4.0, டி50-26-க்கு 33. நான் போட்டது 15 சுற்று. டி50-6 என்றால் 0.9 மைக்ரோஹென்றி வந்திருக்கும். 26-இல் அது 7.4 ஆகிவிட்டது. அந்த ஃபில்டர் சிக்னலை எப்படி வெளியே விடும்?

சில பட்டியல்களில் இதே மதிப்பை 100 சுற்றுக்கு 49 மைக்ரோஹென்றி என்று போட்டிருப்பார்கள். பத்து மடங்கு வித்தியாசமாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றுதான். கணக்குப் போடும் முன் எந்த அலகு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த வேலைக்கு எது. ஃபில்டர், ஆசிலேட்டர், ஆன்டெனா டியூனர் போல ஒரு குறிப்பிட்ட இண்டக்டன்ஸ் துல்லியமாக வேண்டிய இடத்துக்கு இரும்புத்தூள். அதன் ஏஎல் ஐந்து சதவீத வித்தியாசத்துக்குள் நிற்கும். ஷார்ட்வேவின் கீழ்ப்பகுதிக்கு மிக்ஸ் 2, 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மிக்ஸ் 6 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. இன்னொரு வகைக் கோர் ஃபெரைட், இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான் போன்ற பொருள். அதன் ஏஎல் இருபது சதவீதம்கூட ஏறி இறங்கும். சூட்டில் இன்னும் நகரும். அதை ஃபில்டருக்குப் போடாதீர்கள்.

பிராட்பேண்ட் டிரான்ஸ்ஃபார்மர், பாலன் (ஆன்டெனாவையும் கேபிளையும் பொருத்தும் டிரான்ஸ்ஃபார்மர்), கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக் இவற்றுக்கெல்லாம் ஃபெரைட்தான். பெயர் "எஃப்டி" என்று தொடங்கும். அதிகம் கேட்கப்படுவது மிக்ஸ் 43. சின்ன ரேடியோக்களின் டிரான்ஸ்ஃபார்மருக்கு எஃப்டி37-43, எஃப்டி50-43. எண்ட்-ஃபெட் ஆன்டெனாவின் (ஒரு முனையில் சிக்னல் தரப்படும் கம்பி) 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மருக்கு எஃப்டி140-43 அல்லது எஃப்டி240-43, முதல் பக்கம் 2 சுற்று, மறுபக்கம் 14. கீழ் அலைவரிசைகளில் சோக் கட்ட மிக்ஸ் 31 எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபில்டரில் நாம் பயப்படும் அதே இழப்பு, சோக்கில் ரெசிஸ்டன்ஸாக நின்று வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கிறது.

அளவைப் பொறுத்தவரை என் கைப்பழக்கத்தைச் சொல்கிறேன். ரிசீவருக்கும் ஒன்றிரண்டு வாட்டுக்கும் டி37, 5 முதல் 10 வாட் வரை டி50, அதற்கு மேல் டி68, நூறு வாட் ஃபில்டர் என்றால் டி106. சந்தேகம் வந்தால் ஒரு அளவு பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுவதும் எளிது, சூடும் குறையும்.

எங்கே தேடுவது? இரும்புத்தூள் கோர்களைச் செய்வது மைக்ரோமெட்டல்ஸ். ஹாம்களுக்கு (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) அதை அறிமுகப்படுத்திய பெயர் அமிடான். ஃபெரைட்டுக்கு ஃபேர்-ரைட். மவுசர், டிஜிகீ போன்ற பெரிய விற்பனையாளர்களிடம் எஃப்டி50-43 என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். அங்கே ஃபேர்-ரைட்டின் சொந்த எண்ணைத் தர வேண்டும்: எஃப்டி37-43 என்றால் 5943000201, எஃப்டி50-43 என்றால் 5943000301, எஃப்டி240-43 என்றால் 5943003801, எஃப்டி240-31 என்றால் 2631803802. நான் இந்த எண்களை டப்பா மூடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். எண் 59-இல் தொடங்கினால் அடுத்த இரண்டு இலக்கம் மிக்ஸைச் சொல்லும். கடைசி எண்ணில் முதலில் வருவது 26. அதை மிக்ஸ் 26 என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குப் பின்னால் வரும் 31-தான் மிக்ஸ்.

பெயர் தெரியாத விற்பனையாளரிடம் பை பையாக வாங்குவதும், பழைய போர்டுகளில் இருந்து கழற்றுவதும் தப்பில்லை. ஆனால் எந்தக் கோருக்கும் யாரும் எந்த வண்ணத்தையும் பூசலாம். ஃபெரைட்டிலோ பெரும்பாலும் வண்ணமே இருக்காது. 43, 61, 77 மூன்றும் பக்கத்தில் வைத்தால் ஒரே கருஞ்சாம்பல் வளையம்தான். அதனால் சோதனை.

பத்துச் சுற்று சுற்றுங்கள். கம்பி நடுத்துளை வழியாக ஒரு முறை போனாலே ஒரு சுற்று. எண்ணிக்கையை எப்போதும் உள்பக்கத்தில் பாருங்கள். கம்பியின் முனைகளில் எனாமலைச் சுரண்டி எல்சி மீட்டரில் (இண்டக்டன்ஸை அளக்கும் கருவி) வையுங்கள். வந்த மதிப்பை நானோஹென்றியில் எழுதி நூறால் வகுத்தால் ஏஎல். அரை அங்குலக் கோரில் 0.49 மைக்ரோஹென்றி வந்தால் மிக்ஸ் 2, 0.40 என்றால் 6, 3.3 என்றால் 26. ஃபெரைட்டில் 7-ஐ ஒட்டி வந்தால் 61. 44 வாக்கில் வந்தால் 43. பழைய பட்டியல்களில் 43-க்கு 52 என்று இருக்கும், திகைக்க வேண்டாம். நூற்றுக்கு மேல் போனால் 77 அல்லது அதைத் தாண்டிய மிக்ஸ். ஓம்மீட்டர் முனைகளை அந்தக் கோர் மேலேயே அழுத்திப் பாருங்கள்: 77, 75 சில கிலோஓம் காட்டும், 61 எதுவும் காட்டாது.

மலிவான டிரான்சிஸ்டர் டெஸ்டர்களால் இவ்வளவு சின்ன இண்டக்டன்ஸை அளக்க முடியாது. எல்சி மீட்டர் இல்லையென்றால் 20 சுற்று போட்டு, ஒரு நல்ல 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டரை இணையாக வைத்து, நானோவிஎன்ஏவில் (அதிர்வெண்ணை மாற்றிச் சுற்றை அளக்கும் சிறு கருவி) ரெசொனன்ஸைத் தேடுங்கள், அதாவது சுருளும் கெப்பாசிட்டரும் ஒத்திசையும் அதிர்வெண்ணை. டி50-2 என்றால் 11.4 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விழும். டி50-6 என்றால் 12.6, அந்த மஞ்சள்-வெள்ளை என்றால் 4.4. முதல் இரண்டும் நெருக்கமாக இருப்பதால் கம்பி முனைகளைக் குட்டையாக வையுங்கள்.

அப்புறம் நிஜமான சுற்று. டி50-இல் ஒரு சுற்றுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கம்பி போகும். 15 சுற்றுக்கு இரு முனைகளும் சேர்த்து 30 சென்டிமீட்டர் வெட்டுங்கள். சுற்றின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே கோரில் கொஞ்சம் இடம் விடுங்கள். அளந்த மதிப்பு குறைவாக இருந்தால் சுற்றுகளை நெருக்குங்கள், கூடுதலாக இருந்தால் பரப்புங்கள். இரும்புத்தூள் கோரில் சில சதவீதம் இப்படியே சரிசெய்யலாம். மதிப்பு சரியானதும் ஒரு துளி பசை வைத்து, காகிதத் துண்டில் எண்ணை எழுதி, அதன் பிறகு போர்டில் பொருத்துங்கள்.