ஆறு வயதுக்குள் குழந்தையைச் சுற்றியிருப்பவற்றைச் சீர்செய்வது எப்படி?

குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது, சாப்பிட அடம்பிடிக்கிறது, யாரிடமும் ஒட்டுவதில்லை என்று கவலைப்படும் பெற்றோர் பெரும்பாலும் குழந்தையை மாற்றுவதற்கே வழி தேடுகிறார்கள். குழந்தையின் வளர்ச்சியைக் குழந்தைக்குள் மட்டும் தேடக் கூடாது என்பதை மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979-இல் விரிவாக எழுதினார். வீடு, பள்ளி, அக்கம்பக்கம், பெற்றோரின் வேலையிடம், அரசின் கொள்கை, ஊரின் பழக்கவழக்கம் ஆகிய எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்களாகக் குழந்தையைச் சூழ்ந்திருக்கின்றன என்பது அவர் கருத்து. தந்தையின் பணிநேரம் இரவுக்கு மாறினால், அந்த அலுவலகத்தை ஒருநாளும் பார்த்திராத குழந்தையின் மாலைப்பொழுதும் மாறிவிடுகிறது. இந்த வட்டங்களில் பெற்றோரின் கைக்கு எட்டுபவற்றை எப்படிச் சீர்செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பன்னிரண்டு மாதமாகியும் மழலை ஒலிகள் எழவில்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால், வீட்டுச் சூழலைத் திருத்திக்கொண்டு காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். “அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்” என்ற ஆறுதலை நம்பிப் பல வீடுகளில் வீணாகும் மாதங்கள் மதிப்பு மிக்கவை.

முதல் வேலை, ஒரு வேலைநாளையும் ஒரு விடுமுறை நாளையும் தேர்ந்துகொண்டு, குழந்தை கண்விழித்ததிலிருந்து தூங்கும்வரை யாருடன் இருந்தது, என்ன கேட்டது, எங்கே விளையாடியது, எத்தனை மணி நேரம் தொலைக்காட்சியோ கைப்பேசியோ ஓடியது என்பவற்றைத் தாளில் குறிப்பது. குழந்தை ஒலி எழுப்பியபோதோ, எதையேனும் சுட்டிக் காட்டியபோதோ, யாராவது முகம் பார்த்துப் பதில் சொன்னார்களா என்பதைத் தாளில் தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பெரியவர்கள் இருக்கும் வீட்டிலும் இந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதுண்டு.

அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஆதரவற்றோர் இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இல்லங்களில் உணவும் இருப்பிடமும் கிடைத்தன. ஆனால் தனக்கென்று ஒருவர் இல்லை, பணியாளர்கள் முறைவைத்து மாறிக்கொண்டே இருந்தார்கள். குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகளின் அறிவுத்திறன் இல்லத்தில் தங்கியவர்களைவிட மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வு வறிய குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை சென்று, வீணான பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துக் குழந்தையுடன் விளையாடும் முறையைத் தாய்க்குக் காட்டினார். இது ஈராண்டுகள் நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஈட்டிய வருமானம், அவ்வாறு வீட்டுக்கு யாரும் வராதவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. விலையுயர்ந்த பொம்மைகளைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான்.

செய்முறை எளிது. குளிப்பாட்டும்போதும் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கையில் இருப்பதன் பெயரைச் சொல்லுங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள். குழந்தை தரும் பதில் வெறும் ஒலியாக இருந்தாலும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு தொடருங்கள். பேச வேண்டிய மொழி, பெரியவர்களுக்குத் தடையின்றி வரும் மொழி. பள்ளிச் சேர்க்கைக்காக அரைகுறை ஆங்கிலத்தில் நான்கு கட்டளைச் சொற்களை மட்டும் சொல்லும் வீட்டில், குழந்தைக்குக் கதையும் காரணமும் கேலியும் எந்த மொழியிலும் கிடைக்காமல் போகின்றன. திரையைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: இரண்டு வயது ஆகும்வரை திரை முன் உட்காரவைப்பதைத் தவிர்க்க வேண்டும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டும் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்த முடியாது. முதலில் ஒரு வேளை உணவை மட்டும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் வேளையாக மாற்றிவிட்டு, மற்ற வேளைகளுக்குச் செல்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்தது பெரியவர்களுக்குள் உடன்பாடு. அம்மா மறுத்ததைத் தாத்தா தருவதும், அப்பா அதட்டியதைப் பாட்டி செல்லம் கொஞ்சி மறக்கச் செய்வதும் நம் வீடுகளில் இயல்பு. எல்லாவற்றிலும் ஒற்றுமை காண முயல வேண்டாம். தூக்க நேரம், திரை, அடிப்பது ஆகிய மூன்றில் மட்டும் குழந்தை இல்லாதபோது உட்கார்ந்து பேசி முடிவெடுத்தால் போதும். “சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்”, “போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்” என்ற மிரட்டல்களையும் அந்தப் பேச்சிலேயே கைவிடுங்கள். ஆபத்தில் உதவி கேட்க வேண்டியவர்களிடமே அச்சத்தை ஊட்டுவதில் என்ன பயன்?

வீட்டின் தரையையும் காற்றையும் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. தவழும் குழந்தை தரையில் கிடப்பதை வாயில் வைக்கும். ஈயம் (lead) என்னும் நச்சு உலோகம் அந்த வழியாகவே பெரும்பாலும் உடலுக்குள் சென்று மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் பழைய வீட்டில் பூச்சு உதிர்ந்தால், குழந்தையை வேறிடத்தில் விட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மின்கலப் பட்டறையிலோ பெயின்ட் வேலையிலோ இருப்பவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக ஈர்ப்பதால் கீரை, கேழ்வரகு, முட்டை, மீன் ஆகியவற்றுக்கு இங்கே இன்னொரு காரணமும் சேர்கிறது.

வீட்டுக்கு வெளியே, நிறத்தையும் எடையையும் ஒப்பிட்டுப் பேசும் உறவினரிடம் குழந்தையின் காதுபடவே மென்மையாக மறுத்துச் சொல்லுங்கள். பெற்றோர் மௌனமாக இருந்தால் குழந்தை அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறது. பல தெருக்காரரின் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் இடம் என்ற வகையில் அங்கன்வாடியை, இன்றும் பலர் பால்வாடி என்றே அழைக்கும் அந்த மையத்தை, நடுத்தரக் குடும்பங்களும் ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் இம்மையங்களில் எடை பார்ப்பது, சத்துமாவு தருவது, முன்பருவக் கல்வி ஆகியவை சேர்ந்தே நடக்கின்றன. அங்கன்வாடியோ தனியார் மழலைப் பள்ளியோ, சேர்ப்பதற்கு முன் அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். ஆசிரியை குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறாரா, அழும் குழந்தையை யார் தூக்குகிறார், ஓடியாட இடம் இருக்கிறதா, கழிப்பறை தூய்மையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். மூன்று வயதுக் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து எழுத்துப் பயிற்சி தருவதைப் பெருமையாகக் காட்டும் இடமாக இருந்தால், வேறு இடம் பாருங்கள்.