'பிலாசபி' என்ற சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

சொல்லாராய்ச்சி பழக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் சொல் 'பிலாசபி'. ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும்.

படி 1: பிரித்துப் பாருங்கள். கிரேக்கத்தில் 'பிலோ' நேசத்தைக் குறிக்கும்; 'சோபியா' ஞானத்தை. ஞானத்தின் மேல் காதல். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள்.

படி 2: பிரிந்த துண்டின் பழைய பொருளைத் தேடுங்கள். ஹோமரின் இலியத்தில் 'சோபியா' ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, 15ஆம் காண்டத்தில். அங்கே அது கப்பல் மரத்தை நூல் பிடித்து நேராக்கும் தச்சனின் கைத்திறன்! ஞானம் என்று நாம் பெயர்க்கும் சொல் மரத்தூளுக்கு நடுவே இருந்திருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

படி 3: யார், எந்தச் சூழலில் சொன்னார்கள் என்று குறியுங்கள். ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றில், லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் ஏதென்ஸ் அறிஞர் சோலோனிடம் பேசும்போது 'பிலாசபி' வினைச்சொல்லாக வருகிறது: அறியும் ஆசையால் நாடு நாடாகச் சுற்றியவர் என்ற பொருளில். பிளேட்டோ அதைக் கூர்மையாக்கினார். தெய்வங்கள் ஞானத்தைத் தேடுவதில்லை, அது அவர்களிடமே இருக்கிறது. அறியாதவனும் தேடுவதில்லை, தனக்குக் குறை இருப்பதே அவனுக்குத் தெரியாது. தேடுபவன் இந்த இருவருக்கும் இடையில் நிற்கிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'பிலாசபர்' என்ற பெயரை முதலில் தனக்குச் சூட்டிக்கொண்டவர் பித்தாகரஸ் என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதுகிறார். ஆனால் இருவருக்கும் இடையே ஏறத்தாழ 450 ஆண்டுகள். செய்தி நடந்ததாகச் சொல்லப்படும் காலம், அது எழுதப்பட்ட காலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி பெரிதென்றால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

படி 4: பொருள் விரிந்ததையும் சுருங்கியதையும் பாருங்கள். 1687இல் நியூட்டன் தம் இயற்பியல் நூலுக்கு 'இயற்கைத் தத்துவத்தின் கணிதக் கோட்பாடுகள்' என்றே பெயரிட்டார். 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லை வில்லியம் ஹ்யூவெல் உருவாக்கியதே 1830களில்தான். வேதியியலில் ஆய்வு செய்தவருக்கும் இன்றுவரை 'டாக்டர் ஆஃப் பிலாசபி' பட்டம் கிடைப்பது அந்தப் பழைய விரிவின் மிச்சம். நம் 'முனைவர்' என்ற சொல்லில் அந்தத் தடம் இல்லை.

படி 5: மற்ற மொழிகள் என்ன செய்தன? அரபு மொழி ஒலியையே எடுத்து 'பல்சபா' என்றது. ஜப்பானில் நிஷி அமானே 1870களில் 'தெத்சுகாகு' என்று புதுச்சொல் படைத்தார். அது சீனத்துக்கும் போனது. தமிழில் 'தத்துவம்' வடமொழி வழி வந்தது: தத் என்றால் 'அது', தத்துவம் 'அதுவாக இருக்கும் தன்மை'. சைவ சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்கள் உலகம் எவற்றால் ஆனது என்ற கணக்கு. 'மெய்யியல்' மெய்யைப் பேசுகிறது. கவனியுங்கள்: கிரேக்கச் சொல்லில் தேடுபவனின் ஆசை இருக்கிறது, நம் இரண்டு சொற்களிலும் தேடப்படும் பொருள் இருக்கிறது.

பயிற்சிக்கு அடுத்து 'விஞ்ஞானம்' எடுங்கள். பௌத்தத்தில் அதற்கு உணர்வு என்று பொருள். மணிமேகலையில் பன்னிரு நிதானங்கள் (பௌத்தம் சொல்லும் பன்னிரண்டு காரணங்களின் தொடர்) வரும் இடத்திலிருந்து தொடங்கலாம்.